புற்றுக்கட்டியின் போக்கைச் சொல்லுமா 22 எழுத்து ஆர்.என்.ஏ.?

2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் வழங்கப்பட்டது. இந்தச் சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துணுக்கின் அளவைப் பார்த்து, நுரையீரல் புற்றுநோயாளி எத்தனை காலம் நலமாக இருப்பார் என்று கணித்துவிட முடியுமா?

1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. தென்பட்டபோது, புழுவுக்கு மட்டுமே உரிய விசித்திரம் என்று பலர் ஒதுக்கினார்கள். 2000இல் கண்டறியப்பட்ட லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதரிடமும் இருந்தது. பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. வேலை செய்யும் விதம்தான் அழகு. நீளம் ஏறக்குறைய 22 எழுத்து. ஆர்கொனாட் என்ற புரதத்தின் மடியில் உட்கார்ந்துகொண்டு, தூது ஆர்.என்.ஏ.க்களின் வால்பகுதியைத் துழாவுகிறது. தன்னுடைய 2 முதல் 8 வரையிலான ஏழே எழுத்துகள் அங்கே பொருந்தினால் போதும். புரத உற்பத்தி தடைபடும், தூதும் சிதையும்.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளலாம். 'இன்னொரு அண்டா சோறு' என்று சீட்டு மேல் சீட்டாக வருகிறது. வாசலில் நிற்கும் பெரியப்பா சீட்டு முழுவதையும் படிப்பதில்லை. அடியில் உள்ள ஏழெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப்போடுகிறார். ஒரே பெரியப்பா சோறு, சாம்பார், பாயசம் என்று நூறு வகைச் சீட்டுகளைக் கட்டுப்படுத்துகிறார். லெட்-7 என்ற பெரியப்பாவை லின்28 என்ற புரதம் மண்டபத்துக்குள்ளேயே விடாமல் தடுத்துவிட்டால், பந்தி முடிந்த பிறகும் அடுப்பு அணையாது.

செல்லைப் பெருகத் தூண்டும் கேராஸ் மரபணுவின் தூதுச் சீட்டு வாலில் லெட்-7 ஒட்டும் இடங்கள் பல உண்டு. கேராஸ் உள்ளிட்ட ராஸ் மரபணுக்களை லெட்-7 அடக்குவதை யேல் பல்கலைக்கழகத்தின் ஃப்ராங்க் ஸ்லாக் குழு 2005இல் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 143 நுரையீரல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து, லெட்-7 குறைந்தவர்களின் ஆயுளும் குறைந்திருந்ததைக் கண்டார்கள். 2006இல் அமெரிக்க ஆய்வொன்று, மிர்-155 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடியிருப்பதையும் கெட்ட அறிகுறியாகச் சேர்த்தது. 2008இல் தைவான் குழு ஐந்து மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கோத்து ஒரு கணிப்பு முறையையே அமைத்தது.

அடுத்து வந்தது உண்மையான பரீட்சை.

பன்னாட்டு மருந்துச் சோதனை ஒன்றில் பங்கேற்ற 639 பேரின் கட்டிகளில் லெட்-7, மிர்-155 ஆகியவற்றோடு மிர்-21 போன்ற வேறு சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் அளந்து, 2010இல் முடிவு வெளியிட்டார்கள். லெட்-7, மிர்-155 இரண்டுமே எதையும் கணிக்கவில்லை. மிர்-21 மட்டும் தொடர்பு காட்டியது, அதுவும் தலைகீழாக. அது கூடினால் ஆபத்து என்று முந்தைய ஆய்வுகள் சொல்லியிருக்க, இங்கே குறைந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

காரணங்கள் உண்டு. கட்டியில் புற்றுச்செல்லோடு ரத்தக்குழாய், நோய் எதிர்ப்புச் செல் எல்லாம் கலந்திருக்கின்றன. எதை அளவுகோலாக வைப்பது என்பதில் ஆய்வகங்களுக்குள் ஒற்றுமையில்லை. சில டஜன் நோயாளிகளிடம் நூற்றுக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் தேடினால், தற்செயலாகவே ஏதாவது ஒன்று பொருந்தும். ரத்தப் பரிசோதனையில் இன்னும் சிக்கல்: குழாயில் சில சிவப்பணுக்கள் உடைந்தாலே மிர்-16, மிர்-451 பெருகி முடிவைக் குழப்பிவிடும்.

நுரையீரல் புற்றுநோயில் இன்று சிகிச்சையைத் தீர்மானிப்பவை நோயின் நிலை, இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்கள், பி.டி.-எல்1 புரத அளவு ஆகியவையே. மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனையில் ஆயுளைக் கணித்துத் தருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், வேறு மருத்துவமனைகளின் நோயாளிகளிடமும் அதே கணக்கு பலித்ததா என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை, அந்தப் பணத்தை மருத்துவர் எழுதித் தரும் மரபணுச் சோதனைக்குச் செலவிடுங்கள்.