திரையில் வந்த 'அல்மஸீஹ்'

2020 ஜனவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் 'மெசையா' என்ற பத்துப் பகுதித் தொடர் வெளியானது. டமாஸ்கஸில் ஓர் இளைஞர் தோன்றுகிறார். மக்கள் 'அல்மஸீஹ்' என்று சொல்லிப் பின்தொடர்கிறார்கள். பிறகு வாஷிங்டனில் தண்ணீர் மேல் நடந்து காட்டுகிறார். இவர் இறைவன் அனுப்பியவரா, ஏமாற்றுக்காரரா? விடை சொல்லாமல் இழுப்பதுதான் கதை.

முன்னோட்டம் வந்தபோதே முஸ்லிம்கள் பலர், "இவன் தஜ்ஜால்தானே" என்று சொல்லிவிட்டார்கள். மஸீஹ் என்பது குர்ஆனில் ஈஸா (அலை) அவர்களுக்குரிய பெயர். ஹதீஸ்களில் தஜ்ஜாலுக்கும் அதே சொல் வருகிறது: அல்மஸீஹுத் தஜ்ஜால். தொடரின் ஒரு பகுதி படமாக்கப்பட்ட ஜோர்டானில்கூட, அரசின் திரைப்பட ஆணையம் அதை அங்கே வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

இரு மஸீஹ்களையும் பிரித்தறிய நபி (ஸல்) அவர்கள் அடையாளங்கள் சொல்லியிருக்கிறார்கள். தஜ்ஜால் ஒரு கண் குருடன். அவன் நெற்றியில் 'காஃபிர்' என்று எழுதியிருக்கும். எழுத்தறியாத முஃமினும் அதை வாசிப்பார். ஈஸா (அலை) டமாஸ்கஸின் கிழக்கே வெள்ளை மினாராவருகே இறங்குவார்கள். தொடர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டது. அடையாளங்களையும் எடுத்திருந்தால் முதல் பகுதியிலேயே கதை முடிந்திருக்கும்!

வீடியோ கேம்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. 2010இல் வந்த 'டார்க்சைடர்ஸ்', பைபிளின் வெளிப்படுத்தல் நூலில் வரும் நான்கு குதிரைவீரர்களில் ஒருவனாகவே விளையாடுபவரை ஆக்கிவிடுகிறது. உலக அழிவின் நடுவே வாள் அவர் கையில். நமக்குச் சொல்லப்பட்டதோ, தஜ்ஜால் வந்ததாகக் கேள்விப்பட்டால் தூர விலகிவிட வேண்டும் என்பது; சூரா கஹ்ஃபின் முதல் பத்து வசனங்களை மனனம் செய்ய வேண்டும் என்பது. தொடரைப் பார்த்த பிள்ளை "அவர் யார்?" என்று கேட்டால், அந்தப் பத்து வசனங்களைப் பொருளோடு ஓதத் தொடங்க அன்றிரவே நல்ல நேரம்.