பழைய டிராக்டரின் இழுவை குறைவது ஏன்?

உழவு ஒரு வாரம் தள்ளிப்போனால் அதன் நஷ்டம் களத்து மேட்டில் தெரியும் என்பது உழவர் யாவரும் அறிந்ததே. திருமழிசையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களும் வழக்கிலுள்ளன. ஒரு பட்டத்தின் அறுவடைக்கும் அடுத்த பட்டத்தின் சேற்றுழவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் மிகச் சில. அந்நாட்களில், பெரும்பொருள் செலவிட்டுப் புதுப்பித்த டிராக்டர் சேற்றில் இறங்கியதும் மூச்சுத் திணறி நின்றுவிட்டால், அதனை நம்பியிருக்கும் குடும்பங்களின் நிலை என்னவாகும்? இத்தகைய முறையீடுகள் ஊராட்சி ஒன்றியத்திற்கு அடிக்கடி வருவதால், இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுதுவது நலமெனக் கருதுகிறோம்.

பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்பேட்டையும் வீட்டு மனைகளும் பெருகியதனால் நம் பகுதியில் விளைநிலம் குறுகிவிட்டது. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் புதிய டிராக்டருக்காகக் கடன்படுவது விவேகமன்று. ஆகவே பலர் கூடிப் பழைய வண்டியொன்றை வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டுகின்றனர். அவ்வாறு வாங்கப்படுவனவற்றுள் மாஸி பெர்குசன் வண்டிகள் மிகுதி. இதற்குத் தக்க காரணம் உண்டு. ஹாரி பெர்குசன் வகுத்த சிறிய டிராக்டர், இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. அதன் வழிவந்த மாஸி பெர்குசன் 35 என்னும் வண்டியில் பெர்கின்ஸ் ஸ்தாபனத்தாரின் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின் பொருத்தப்பட்டது. 1960-ஆம் ஆண்டில் மாஸி பெர்குசன் கூட்டுறவுடன் சென்னையில் டாஃபே தொழிலகம் தோன்றிற்று. பெர்கின்ஸ் என்ஜின்களைச் செய்துவந்த சிம்சன் தொழிற்சாலையும் அதே செம்பியத்தில், அதே அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தது. எனவே இவ்வகை வண்டிக்கு உதிரிப் பாகமும், அதனை அறிந்த மெக்கானிக்கும் நம் பக்கத்தில் எளிதில் கிடைக்கின்றனர். கீழே கூறுவன யாவும் இவ்வகை மூன்று சிலிண்டர் வண்டியை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மற்ற டீசல் வண்டிகளுக்கும் பெரும்பாலும் இவை பொருந்தும்.

“இழுவை குறைந்துவிட்டது” என்றவுடன் என்ஜினைப் பிரிக்க முற்படுவது நம்மிடையே உள்ள பெருங்குறை. ரீபோர் செய்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, ஒரு பட்டத்து வருமானம் முழுவதையும் பட்டறையில் கொட்டிய பின்னரும் வண்டி இழுக்காமல் நிற்பதைக் காண்கிறோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. என்ஜின் சக்தி தரவில்லையா, அன்றி, தந்த சக்தி வழியில் வீணாகிறதா?

இதனைக் கண்டறிதல் கடினமன்று. சமதரையில் உயர்ந்த கியரில் வண்டியை ஓட்டிச் சட்டென்று விசையைக் கூட்டுக. என்ஜினின் ஓசை உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராவிடில் கிளட்ச் வழுக்குகிறது என்பது பொருள். ஓட்டுபவர் கிளட்ச் மிதியின் மேலேயே காலை வைத்துப் பழகியிருந்தால் இது விரைவில் வரும். பின்பு சிறிது தூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி நிறுத்தி, இரு பின்சக்கரங்களின் பிரேக் டிரம்களுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்கவும். ஒன்று மட்டும் அனலாகச் சுட்டால் அப்பக்கத்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதுப்பிக்கும்போது புதிய லைனிங் போட்டு இறுக்கிய வண்டிகளில் இது சாதாரணம்.

கலப்பையின் தவறு என்ஜினின் மேல் ஏற்றப்படுவதும் உண்டு. பெர்குசன் முறையின் சிறப்பே, கலப்பை மண்ணில் படும் இழுப்பை மேல் இணைப்புத் தண்டின் வாயிலாக ஹைட்ராலிக் உணர்ந்து, இழுப்பு மிகும்போது கலப்பையைச் சிறிது தூக்கிக் கொடுப்பதுதான். இருக்கையருகே உள்ள இழுப்புக் கட்டுப்பாட்டு நெம்புகோலை அடியோடு கீழே தள்ளிவிட்டால், கலப்பை வேண்டிய ஆழத்தைக் கடந்து இறங்கிக்கொண்டே போகும். எந்த என்ஜினும் அதற்கு ஈடுகொடாது. மேலும், முப்பத்தைந்து குதிரைசக்தி வண்டியின் பின்னே, அதனினும் பெரிய வண்டிக்கென்று செய்த அகன்ற ரோட்டவேட்டரைப் பூட்டிவிட்டு இழுவை போதவில்லை என்பது, கன்றின்மீது பாரவண்டி பூட்டுவதையொக்கும். கருவியை வாடகைக்கு எடுக்குமுன் அது எத்தனை குதிரைசக்திக்கு உரியது என்று கேட்டறிதல் அவசியம்.

இவையெல்லாம் சரியாக இருந்து என்ஜினே தளர்கிறது என்று தெரிந்தால், அடுத்த சாட்சி புகை. வண்டி சும்மா நிற்கையில் வரும் புகையைக் கொண்டு ஒன்றும் முடிவு செய்தலாகாது. சுமையோடு இழுக்கும்போது வரும் புகையையே நோக்க வேண்டும்.

கரும்புகை மிகுந்தால், டீசலுக்கேற்ற காற்று கிடைக்கவில்லை அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை என்று கொள்ளலாம். நீலப் புகை, என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். என்ஜின் சூடேறிய பின்பும் வெண்புகை நீடித்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது. டீசல் பாயும் நேரம் பிந்தியிருக்கலாம், சிலிண்டரில் அமுக்கம் குறைந்திருக்கலாம், அல்லது தண்ணீர் கலந்திருக்கலாம். புகையே அதிகமில்லாமல் வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து போகுமாயின், அது பட்டினி. என்ஜினுக்கு வேண்டிய டீசல் வந்து சேரவில்லை. புதுப்பித்த பழைய வண்டிகளில் நாம் மிகுதியாகக் காண்பது இந்தப் பட்டினியே. ஆதலின் அதனைப்பற்றிச் சற்று விரித்துரைப்போம்.

பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற வண்டியின் டீசல் தொட்டியில் துருவும் கசடும் படிந்திருக்கும். வெளியே பளபளவென்று வர்ணம் பூசுபவர்கள் உள்ளே கழுவுவதில்லை. வண்டி குலுங்கும்போது அக்கசடு கிளம்பி, தொட்டியின் அடிக்குழாய் வாயை அடைக்கிறது. நிறுத்திச் சிறிது நேரம் கழித்தால் கசடு மீண்டும் கீழே படிய, வண்டி நன்றாகக் கிளம்புகிறது. பத்துச் சால் ஓட்டியதும் பழைய கதைதான்.

இதே அறிகுறியைத் தரும் இன்னொரு காரணம் நகைப்புக்கிடமாக இருப்பினும் சொல்லத்தக்கது. நம் பகுதியில் ஓர் உழவர் குழுவினர் புதுப்பித்த வண்டி, காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு சாலையில் நன்றாகவே ஓடிற்று. சொர்ணவாரிச் சேற்றுழவில் கால்மணி நேரத்திற்கொருமுறை தளர்ந்து நின்றது. என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் கூறிவிட்டனர். குழுவினரோ கையிருப்பு அனைத்தையும் முன்பே செலவிட்டிருந்தனர். பெண் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைக்கவும் முன்வந்தார். இந்நிலையில், அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர், வண்டி தளர்ந்த சமயம் பார்த்துத் தொட்டியின் மூடியைத் திறந்தார். காற்று உள்ளே புகும் ஓசை கேட்டது. என்ஜின் நிமிர்ந்தது. மூடியிலுள்ள ஊசித்துளையைப் புது வர்ணம் அடைத்திருந்தது! டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே புகாவிடில், தொட்டியிலிருந்து டீசல் எவ்வாறு இறங்கும்? குண்டூசி ஒன்றால் வேலை முடிந்தது. எனவே, வண்டி தளரும்போது முதன்முதலில் மூடியைத் திறந்து பார்ப்பதை வழக்கமாகக் கொள்க. இதற்குக் காசு செலவில்லை.

அடுத்து ஃபீட் பம்பு. ஃபில்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, பம்பின் கைநெம்பை அசைத்தால் டீசல் விட்டுவிட்டு வேகமாகப் பீறிட வேண்டும். நெம்பு தளதளவென்று கனமின்றி ஆடினால் உடனே பம்பைப் பழிக்க வேண்டா. அதனை இயக்கும் கேம் உச்சியில் நிற்கக்கூடும். என்ஜினை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டுத் திரும்பவும் பார்க்கவும். அதன் பின்பும் டீசல் சொட்டுச் சொட்டாகவே வந்தால், பம்பின் அடியிலுள்ள வலை அடைபட்டிருக்கும், அல்லது உள்ளேயுள்ள ரப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கும். ஃபில்டர்களைக் கழுவி மீண்டும் போடும் வழக்கத்தை அறவே விட வேண்டும். காகிதத்தாலான ஃபில்டர் கழுவத்தக்கதன்று.

தொட்டிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையேயுள்ள இணைப்புகளில் கசிவிருந்தால் டீசல் வெளியே சொட்டுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே இழுக்கப்படலாம். வெளியே ஈரம் காணாதிருப்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை. பழைய செம்பு வாஷர்களையே திரும்பப் போடுவது இதற்கு முக்கிய காரணம். ஒரு துண்டு ஒளிபுகும் குழாயை இடையே மாட்டிக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும். குழாய்களைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் “ஏர் எடுத்தல்” வேண்டும். முதலில் ஃபில்டர் தலையிலும், பின்னர் இன்ஜெக்ஷன் பம்பின் இரு திருகுகளிலும், குமிழியற்ற டீசல் வரும்வரை கைநெம்பை அசைக்கவும். இறுதியில் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி என்ஜினைச் சுழற்றவும். இவ்வரிசை மாறலாகாது.

மூன்று சிலிண்டர்களுள் ஒன்று வேலை செய்யாவிடில் மூன்றிலொரு பங்கு சக்தி போயிற்று. எது என்று அறிய, என்ஜின் மெதுவாக ஓடும்போது இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குவர். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் ஓட்டம் நொண்டும். பழுதான சிலிண்டரில் மாறுதல் இராது. இங்கே ஓர் எச்சரிக்கை. இன்ஜெக்டரிலிருந்தும் அதன் குழாயிலிருந்தும் வரும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும் வேகமுடையது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. சிறு புள்ளியளவு காயம்தானே என்று இருந்துவிட்டு விரலையே இழந்தவர்கள் உளர். அவ்வாறு நேர்ந்தால் வலி இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காற்று வழியைக் கவனிப்பது எளிது. பழைய வண்டிகளிலுள்ள ஆயில் தொட்டி வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றினால், அடியில் வண்டல் எத்தனை என்று தெரியும். வறண்ட புழுதியில் ஓட்டும் காலத்தில் இதை நாள்தோறும் பார்க்க வேண்டும். குறியிட்ட அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுவதும் கெடுதியே. நெடுநாள் நின்ற வண்டியின் சைலன்சரிலும் காற்றுக் குழாயிலும் குளவிக் கூடும் எலி சேர்த்த வைக்கோலும் இருக்கக் கண்டிருக்கிறோம்.

விசை நெம்பை முழுதும் இழுத்தபோது, இன்ஜெக்ஷன் பம்பின் கை அதன் தடைத் திருகைப் போய்த் தொடுகிறதா என்பதையும் இருவர் சேர்ந்து பார்க்க வேண்டும். புதுப்பிக்கையில் கம்பிகளை அளவு மாற்றிப் பூட்டியிருந்தால், நெம்பு முழுதும் வந்தும் பம்பு முக்கால் பங்கே திறந்திருக்கும். கம்பியைச் சரிசெய்க. முத்திரையிட்ட திருகைத் தொட வேண்டா. அதனைத் திருப்பி டீசலைக் கூட்டுவதால் சிறிது காலம் இழுவை மிகுவதுபோல் தோன்றும். பின்பு கரும்புகையும் சூடும் பிஸ்டன் சேதமும் வந்து சேரும்.

பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால், அதன் விளிம்பிலுள்ள கோடும் என்ஜின் மூடியிலுள்ள கோடும் நேராக நிற்கின்றனவா என்று நோக்குக. ஒரு நூலளவு பிந்தினாலும் வண்டி மந்தமாகும். முந்தினால் கடகடவென்று தட்டும். டேப்பெட் இடைவெளி இந்தப் பெர்கின்ஸ் என்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். மற்றவற்றிற்கு அவ்வவற்றின் கையேட்டைப் பார்க்கவும்.

இவ்வளவும் சரியாயிருந்தும் இழுவை இல்லையெனில்தான் சிலிண்டர் அமுக்கத்தை அளக்க வேண்டும். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்குவதில் பிறக்கும் வெப்பமே டீசலைக் கொளுத்துகிறது. ரிங்கோ வால்வோ தேய்ந்து காற்று நழுவினால் சக்தியும் நழுவும். புதிதாக ரிங் போட்ட வண்டியை “மெல்ல ஓட்ட வேண்டும்” என்று கருதி மணிக்கணக்காகச் சும்மா உறும விடுவதும் தவறு. ரிங் சிலிண்டரோடு படிந்து பொருந்த மிதமான சுமை வேண்டும். சுமையின்றி ஓடினால் சிலிண்டர்ச் சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, ஆயில் எரியத் தொடங்கும்.

ஊராட்சி மன்றத்தார் அல்லது உழவர் குழுவினர் பொதுவில் வைத்திருக்கும் வண்டிக்கு ஒரு குறிப்பேடு இன்றியமையாதது. எந்நாளில் ஃபில்டர் மாற்றப்பட்டது, எத்தனை மணி ஓடியது, தளர்ச்சி சூடேறிய பின் வந்ததா அல்லது தொடக்கத்திலேயே இருந்ததா, புகை என்ன நிறம் என்பனவற்றை ஓட்டுபவர் அன்றன்றே எழுதுதல் வேண்டும். அம்பத்தூர்ப் பக்கத்து டீசல் பட்டறைக்குப் பம்பையும் இன்ஜெக்டர்களையும் அனுப்ப நேர்ந்தால், அந்த ஏட்டையும் உடன் கொடுத்தனுப்புக. சோதனை மேடையில் கிடைத்த அளவுகளை எழுத்தில் கேட்டு வாங்கி, மாற்றிய பழைய உதிரிப் பாகங்களையும் திரும்பப் பெற்று, அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் முன் வைக்கவும்.