முதல் சோதனையில் 'பாசிட்டிவ்' வந்தால்

கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி.யும் ஒன்று. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கால் மணி, அரை மணி நேரத்தில் முடிவு. கிட்டில் இரண்டாவது கோடு விழுந்தால் 'ரியாக்டிவ்'. அதைக் கேட்டதும் குடும்பமே இடிந்துபோகும். பழி முதலில் அந்தப் பெண் மீதுதான் விழும். ஆனால் அந்தக் கோட்டை மட்டும் வைத்து அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது.

ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் வயது வந்தோரில் சுமார் 0.2 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. உள்ளது. அப்படியானால் 10,000 பேரில் 20 பேர். மீதமுள்ள 9,980 பேரில், ஆயிரத்துக்கு ஐந்து பேரைத் தவறாகக் காட்டும் கிட் சுமார் 50 பேருக்கு 'பாசிட்டிவ்' காட்டிவிடும். ஆக, 70 பேர் கையில் ஒரே மாதிரி ரிப்போர்ட். அவர்களில் 50 பேருக்குத் தொற்றே கிடையாது! கர்ப்பம், சில தன்னெதிர்ப்பு நோய்கள், மாதிரிகள் மாறிப்போவது எனக் காரணங்கள் பல.

இதனால்தான் அறிகுறி இல்லாதவருக்கு வெவ்வேறு வகையான மூன்று கிட்டுகளிலும் ரியாக்டிவ் வந்த பிறகே தொற்றை உறுதிசெய்ய வேண்டும் என்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் விதி. முடிவுகள் முரண்பட்டால் சில வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இது இலவசம். அங்கே உறுதியானாலும் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும். குழந்தைக்குத் தொற்றாமல் பெருமளவு தடுக்கவும் முடியும். ஆகவே பயத்தால் அங்கே செல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிப்பதும் முடிவை வெளியில் சொல்வதும் பொதுவாகச் சட்டவிரோதம்தான். வேலைக்கோ சிகிச்சைக்கோ இந்தச் சோதனையை நிபந்தனையாக்க முடியாது. மீறினால் மாநில குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். உறுதிசெய்யாமலே தொற்று என்று எழுதிக் கொடுத்த தனியார் லேப் மீது, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். அதற்கு முதல் ரிப்போர்ட்டும் பில்லும் வேண்டும். ஆத்திரத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

சந்தேகமா? 1097-க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை.