காலேஜ் சம்பளம் திரும்பி வருமா?

பண்ருட்டியில் பலாப்பழம் அறுப்பவர்கள் முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். பிசின் ஒட்டிய பிறகு எண்ணெயைத் தேடுவதில்லை. பிள்ளையைக் காலேஜில் சேர்க்கும் தாய்மார்களுக்கும் இந்த முன்ஜாக்கிரதை வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களில் நடப்பது என்ன? எங்கே இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், வளையலை அடகு வைத்தாவது ஏதோ ஒரு கல்லூரியில் பணத்தைக் கட்டிவிடுகிறோம். நாலு வாரம் கழித்து, பையன் விரும்பிய படிப்பு சிதம்பரத்திலோ கடலூரிலோ கிடைத்துவிடுகிறது. சந்தோஷந்தான்! ஆனால் முதலில் சேர்ந்த இடத்தில் போய்க் கேட்டால், "கட்டினது கட்டினதுதான்" என்று பதில் வருகிறது. சில இடங்களில் அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

அப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் முழுச் சம்பளமும் திரும்ப வேண்டும். பிடித்தம் 5 சதவிகிதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. அதன் பின், கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவிகிதம். தேதி கடந்து 15 நாளுக்குள் 80; 30 நாளுக்குள் 50; அப்புறம் ஒன்றுமில்லை. 2024-25-ல் இன்னும் தாராளம்: செப்டம்பர் 30 வரை முழுப் பணம், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கலாகாது. ஆகவே, அந்தந்த வருஷத்து அறிவிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்குத் தனி விதிகளும் உண்டு.

மொத்தப் படிப்புக்கும் சேர்த்து முன்கூட்டியே வசூலிக்கிறார்களா? ஒரு வருஷத்துக்கோ ஒரு பருவத்துக்கோ உரியதை மட்டுமே வாங்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2003-லேயே சொல்லிவிட்டது.

இதிலெல்லாம் உயிர்நாடி தேதிதான். "ஆபீஸில் சொல்லிவிட்டு வந்தேன்" என்பது கணக்கில் ஏறாது. விலகுவதென்று தீர்மானித்த அன்றே மனு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். கட்டண ரசீதை அஞ்சறைப்பெட்டிக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். மறுத்தால், 2023 விதிகளின்படி கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடமும், பிறகு பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

ஒரு நாள் தாமதம் பத்து சதவிகிதத்தைக் கொண்டுபோய்விடும். அடகுக் கடையில் இருக்கும் வளையலுக்கு அது எத்தனை மாத வட்டி என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்!