காஞ்சிப் பட்டின் பட்டு காஞ்சியில் விளைவதில்லை, தெரியுமா?

பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகையில் பெரும்பகுதி குஜராத்தின் சூரத்திலிருந்து! இந்த இரண்டையும் காஞ்சிப் பட்டாக்குவது காஞ்சிபுரத்துத் தறிகள்தான்.

பட்டுப்புழு நூலில் ஏறத்தாழ கால்வாசி எடை வெறும் பசை, தெரியுமா? சோப்பு நீரில் கொதிக்க வைத்து அதைக் கழற்றிய பிறகுதான் பட்டு மினுங்கும், சாயமும் நன்றாகப் பிடிக்கும்!

இனி, உடலையும் கரையையும் வேறு வேறு நாடாவில் நெய்து கோக்கும் கோர்வைக்கு வருவோம். இந்த ஊரின் பெரிய அதிசயம் அதுதான். உடல் அரக்கு, இருபுறக் கரையும் பச்சை என்று வையுங்கள். அதற்கு மூன்று நாடா வேண்டும்! நெசவாளர் ஒருவர், பக்கத்தில் உதவியாள் ஒருவர். ஒவ்வொரு ஓட்டத்திலும் கரையின் ஊடை உடலின் ஊடையோடு கொக்கி போட்டுக்கொள்ளும். முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் இன்னும் கடினம்: உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளைக் கையாலேயே இணைக்க வேண்டும். அதற்குப் பேட்னி என்று பெயர். மணப்பெண்ணுக்கு எடுப்பதானால் கோர்வையைத்தான் கேட்பேன், விலை கூடினாலும் சரி.

ஜரிகையில் தங்கம் எவ்வளவு தெரியுமா? கூட்டுறவுச் சங்கப் புடவைகளுக்கு அரசு வகுத்த அளவு ஒன்றில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கமோ வெறும் 0.5! அந்த அரை சதவீதம்தான் முழுப் புடவையையும் பொன்னாகக் காட்டுகிறது. நகத்தால் ஜரிகையைச் சற்றே சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிய வேண்டும். ஓர் இழையை எரித்துப் பாருங்கள்: பட்டென்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும்.

முத்திரை இருந்தால் போதுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்! 2004இல் வந்த சில்க் மார்க், நூல் பட்டுதான் என்று மட்டும் சொல்லும். ஜரிகை பற்றி அதற்குப் பேச்சே இல்லை. 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க், கைத்தறி என்பதற்குச் சாட்சி. காஞ்சிப் பட்டு என்ற பெயருக்கே 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரே ஒரு பதில்தான் தெரியும். ஆகவே கடையில் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்: நூல் என்ன, ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எத்தனை சதவீதம், கரை கோர்வையா, கைத்தறியா? பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்!