ஒரு மாதம்தான் அவகாசம்

ஜெராய் மலையடிவாரத்தில் பால்மரமும் வயலுமாக இருந்த குருண், உரத் தொழிற்சாலை, கார் பொருத்தும் ஆலை, நெடுஞ்சாலைச் சந்திப்பு என்று மாறிவிட்டது. பக்கத்து நிலத்தில் நாளை என்ன எழும்பும் என்ற கேள்வி இங்கே பல வீடுகளில் உண்டு. அந்தக் கேள்விக்குச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நம்மவர்களில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் ஆதங்கம்.

கடை கட்டவோ வீடமைப்புத் திட்டம் போடவோ ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். 'கெபெனாரான் மெரஞ்சாங்' என்பது இதுதான். குருணுக்கு அந்த மன்றம் சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ, தாங்க முடியாத நிபந்தனை போடப்பட்டாலோ மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தரும் உரிமை இது. தலைவரோ துணைத் தலைவரோ இரண்டு உறுப்பினர்களுடன் அமர்ந்து இரு தரப்பையும் விசாரிப்பார். மன்றத்தின் முடிவை உறுதி செய்யலாம். அனுமதி கொடுக்கச் சொல்லலாம். கொடுத்த அனுமதியை ரத்து செய்யலாம். நிபந்தனையை மட்டும் நீக்கலாம்.

முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரே மாதம்தான் அவகாசம். ஆகவே கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அஞ்சல் முத்திரையிலுள்ள தேதி பின்னால் உதவும்.

அண்டை நிலத்துக்காரருக்கும் இந்த வாசல் உண்டு, ஆனால் குறுகலானது. உள்ளூர்த் திட்டம், அதாவது 'ரன்சாங்கான் தெம்பாத்தான்', இல்லாத பகுதியில் ஒருவர் விண்ணப்பித்தால் மன்றம் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். ஒட்டிய நிலம் அண்டை நிலம். 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ வடிகாலோ குறுக்கே இருந்தாலும் அண்டை நிலமே. இப்படி ஆட்சேபித்தவர்தான் பிறகு வாரியத்துக்குப் போக முடியும். கோயில் வாசலில் கூட்டம் கூடிப் பேசியது கணக்கில் வராது.

இங்கேதான் தோட்டத்து மக்கள் அடிபடுகிறார்கள். சட்டம் சொல்வது 'உரிமையாளர்' என்று. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர் உரிமையாளர் அல்லர். கிராண், அதாவது நில உரிமைப் பத்திரம், இல்லாத மாரியம்மன் கோயிலும் அப்படித்தான். அவர்களுக்கு அறிவிப்பு வராது. அறிவிப்பு இல்லாததால் ஆட்சேபணை இல்லை, மேல்முறையீடும் இல்லை. இது நியாயமல்ல, குடியிருப்போருக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் அறிவிப்புப் பெறும் உரிமையைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். நில உரிமை கையில் இருந்தால்தான் குரலுக்கு மதிப்பு என்பதை அன்றே உணர்ந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டத் துண்டாடலை எதிர்த்து, தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம்.

வாரியம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் பினாங்கு சுங்கை ஆராவைப் பார்க்கட்டும். மலைச்சரிவு வீடமைப்புக்குத் தரப்பட்ட அனுமதியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். வாரியம் 2015இல் அனுமதியை ரத்து செய்தது. வாரியத்தின் உத்தரவே இறுதியானது என்று சட்டம் சொன்னாலும், சீராய்வு வழியாக வழக்கு நீதிமன்றங்களில் நீண்டது. 2023இல் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றவர்கள் குடியிருப்பாளர்களே.

உள்ளூர்த் திட்டம் இருக்கும் இடத்தில் அண்டை வீட்டாருக்குத் தனி அறிவிப்பு அனுப்பச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே பேச வேண்டிய நேரம் வரைவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலம். குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபிக்கலாம், அதற்குக் கிராண் தேவையில்லை. கோயில் நிர்வாகமும் குடியிருப்புச் சங்கமும் அடுத்த முறை அந்த வரைபடத்தில் தங்கள் இடத்தைத் தேடிப் பார்த்து, ஆட்சேபணையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலை வாங்கி வைக்க வேண்டும்.