பூத் சிலிப்பில் சாமி படம்: சட்டம் எங்கே தலையிடும், எங்கே ஒதுங்கிக்கொள்ளும்?

வெறும் 992 ஓட்டு. 2021 கேரள சட்டப்பேரவைத் தேர்தலில், எர்ணாகுளம் மாவட்டம் திருப்பூணித்துறை தொகுதியில் காங்கிரஸின் கே.பாபு, மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.ஸ்வராஜை முந்தியது இவ்வளவு ஓட்டில்தான். தோற்ற ஸ்வராஜ் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஐயப்பன் படம் போட்ட பூத் சிலிப்பை வீடு வீடாகக் கொடுத்தார்கள், ஐயப்பன் பெயரைச் சொல்லி ஓட்டு கேட்டார்கள் என்பது அவருடைய புகார். சபரிமலை விவகாரம் சூடாக இருந்த காலம் அது. அந்தப் படம் எத்தனை பேரின் மனதை மாற்றியிருக்கும்? 500 பேர் கட்சி மாறினாலே முடிவு தலைகீழ்.

2024 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. புகார் நிரூபிக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடி ஆனது, பாபு எம்எல்ஏவாகத் தொடர்ந்தார். இதில் யார் சொன்னது சரி என்பதைவிட இன்னொரு விஷயம்தான் உறுத்துகிறது: ஒரு துண்டுச் சீட்டைப் பற்றி முடிவு சொல்ல ஏறக்குறைய மூன்று வருஷம். ஐந்து வருஷப் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது.

சாமி பேரைச் சொல்லி ஓட்டு கேட்பது தப்பு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். பிறகு ஏன் ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது? சட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123, உட்பிரிவு 3. ஒரு வேட்பாளரோ, அவருடைய ஏஜென்ட்டோ, அவர்களுடைய சம்மதத்தோடு வேறு யாருமோ மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பேரில் ஓட்டு போடச் சொன்னாலும், போட வேண்டாம் என்று சொன்னாலும் அது ‘ஊழல் நடவடிக்கை’. மதச் சின்னங்களைக் காட்டி ஓட்டு கேட்பதும் இதில் அடங்கும். நிரூபணமானால் வெற்றி செல்லாது. ஆறு வருஷம் வரை போட்டியிடவும் முடியாது.

படிக்கும்போது கறாராகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சம்மதத்தோடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மடாதிபதியோ, ஜமாத்தோ, சபையோ “இவருக்கே நம் ஓட்டு” என்று அறிவித்தால் மட்டும் போதாது. வேட்பாளர் அதற்குச் சம்மதித்தார் என்பதைப் புகார் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். “எனக்குத் தெரியாமல் பண்ணிட்டாங்க” என்ற ஒற்றை வரியில் பல வழக்குகள் படுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

எது மதச் சின்னம் என்பதும் லேசான கேள்வி இல்லை. 1957 தேர்தலில் அன்றைய பீகாரில் ஜார்கண்ட் கட்சிக்குச் சேவல் சின்னம். தேர்தல் ஆணையம் கொடுத்த சின்னம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் பழங்குடி மக்களின் சடங்குகளில் சேவலுக்கு இருக்கும் இடத்தைத் தொட்டு, சேவலே பேசுவது போல ஒரு துண்டறிக்கை வந்தது: எனக்கு ஓட்டு என்ற தீனியைப் போடுங்கள் என்கிற தொனியில். சுப்நாத் தேவ்கிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மதத்தின் பேரில் ஓட்டு கேட்டதாகவே எடுத்துக்கொண்டது. அதே சேவல் வாக்குச்சீட்டில் இருந்தால் சரி, துண்டறிக்கையில் பேசினால் தப்பு. சட்டம் பார்ப்பது படத்தை இல்லை, அதை வைத்து என்ன கேட்டார்கள் என்பதை.

‘அவருடைய’ என்றால் யாருடைய?

1961-க்கு முன்பு, திட்டமிட்டுத் தொடர்ச்சியாக மதத்தைச் சொல்லி ஓட்டு கேட்டால்தான் குற்றம். அந்த வருஷத் திருத்தம் அந்த நிபந்தனையைத் தூக்கிவிட்டது. ஒரு முறை கேட்டாலும் தப்புதான் என்றானது. கூடவே ‘அவருடைய மதம்’ என்று ஒரு சொல்லையும் சேர்த்தது. வந்தது வினை.

அவருடைய என்றால் வேட்பாளருடைய மதமா, ஓட்டு போடுபவருடைய மதமா? வேட்பாளரின் மதம் மட்டும்தான் என்றால், ஓர் இந்து வேட்பாளர் மசூதித் தெருவில் நின்று “முஸ்லிம்களே, முஸ்லிம்களாக யோசித்து எனக்கு ஓட்டு போடுங்கள்” என்று கேட்கலாம். முஸ்லிம் வேட்பாளர் கோயில் வாசலில் அதையே திருப்பிச் செய்யலாம். சட்டத்தின் நோக்கமே அடிபட்டுப் போகும்.

இதைத் தீர்க்க ஏழு நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது. மும்பை சான்டாகுரூஸ் தொகுதியில் 1990-ல் ஜெயித்த பாஜகவின் அபிராம் சிங் வழக்கு அது. 1991-ல் பாம்பே உயர் நீதிமன்றம் அவருடைய வெற்றியை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது 2017 ஜனவரி 2-ம் தேதி. தலைமை நீதிபதி டி.எஸ்.தாக்கூர் ஓய்வு பெற ஒரே நாள் பாக்கி. நான்குக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளர், எதிர் வேட்பாளர், வாக்காளர் என யாருடைய மதத்தைச் சொன்னாலும் தப்பு என்று தீர்ப்பு.

மாறுபட்ட மூவருக்காக டி.ஒய்.சந்திரசூட் எழுதியதையும் தள்ளிவிட முடியாது. சாதியாலும் மதத்தாலும் ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுடைய குறையைத் தேர்தல் மேடையில்கூடப் பேசக் கூடாதா என்பதுதான் அவருடைய கேள்வி. “எங்க தெருவுக்கு மட்டும் தண்ணி வரலை, காரணம் எங்க சாதி” என்று ஒருவர் பிரச்சாரத்தில் சொன்னால் அது குறையா, சாதியின் பேரில் ஓட்டு கேட்பதா? என்னைக் கேட்டால், கோட்டை இந்த இடத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பு தெளிவாகப் போடவில்லை.

தண்டனை வரும், ஆனால் எப்போது?

1987 டிசம்பரில் மும்பை விலே பார்லே இடைத்தேர்தல். ரமேஷ் பிரபு என்ற வேட்பாளருக்காக சிவசேனா தலைவர் பால் தாக்கரே பேசிய பேச்சுகள் வழக்காயின. வேட்பாளர் இருந்த மேடையில் கட்சித் தலைவரே பேசும்போது சம்மதம் இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டு, 1995 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் பிரபுவின் வெற்றி ரத்து செய்யப்பட்டதை உறுதி செய்தது. தாக்கரேவுக்கும் ஆறு வருஷத் தடை. போட்டியிடுவது மட்டுமல்ல, ஓட்டு போடுவதும் கிடையாது. ஆனால் குடியரசுத் தலைவரின் உத்தரவு வந்தது 1999 ஜூலையில். தடை 1995 டிசம்பரிலிருந்தே கணக்கு என்பதால், கையில் மிஞ்சியது இரண்டரை வருஷத்துக்கும் கொஞ்சம் குறைவு.

அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பு நேர் எதிர்த் திசையில் போனது. மகாராஷ்டிராவில் முதல் இந்து மாநிலம் அமையும் என்ற பேச்சை, அது ஒரு நம்பிக்கையை வெளியிட்டது மட்டுமே என்று சொல்லி மனோகர் ஜோஷியின் வெற்றியை உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது. அப்போது அவர் மாநில முதல்வர்.

தேர்தல் ஆணையம் என்ன செய்யும்?

நீதிமன்றம் மெதுவாக நகரும், ஆணையம் வேகமாக நகரலாம். ஆனால் அதன் கையில் இருக்கும் நடத்தை விதிகளுக்குச் சட்ட அந்தஸ்து இல்லை. 2019 ஏப்ரல் 15 அன்று இதையொட்டி ஒரு காட்சி நடந்தது. எங்கள் அதிகாரம் குறைவு என்று ஆணையம் காலையில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அன்றே யோகி ஆதித்யநாத்துக்கு 72 மணி நேரம், மாயாவதிக்கும் மேனகா காந்திக்கும் 48 மணி நேரம் பிரச்சாரத் தடை போட்டது. தடை தொடங்கிய நாளில் யோகி என்ன செய்தார்? லக்னோவில் அனுமன் கோயிலுக்குப் போனார். கேமராக்களும் போயின. சாமி கும்பிடப் போவதை எந்த விதி தடுக்கும்?

வேல் யாத்திரை இதில் எங்கே வருகிறது?

இங்கேதான் தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டிய ஓட்டை இருக்கிறது. 1975-ல் நடந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு, வேட்புமனு போட்டவரைத்தான் சட்டம் ‘வேட்பாளர்’ என்கிறது. அதற்கு முதல் நாள் வரை என்ன பேசினாலும் பிரிவு 123-க்குள் வராது. நடத்தை விதிகளும் தேர்தல் தேதி அறிவித்த பிறகுதான்.

கந்த சஷ்டி கவசம் பற்றி கறுப்பர் கூட்டம் வெளியிட்ட வீடியோ சர்ச்சையானது 2020 ஜூலையில். பாஜகவின் எல்.முருகன் திருத்தணியிலிருந்து வேல் யாத்திரை கிளம்பியது நவம்பரில். அதிமுக அரசு யாத்திரைக்கு அனுமதி மறுத்தது, ஆனால் 2021 ஜனவரியில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை அறிவித்தது. அதே மாதம் திருத்தணி பக்கத்தில் ஸ்டாலின் கையிலும் வேல் இருந்தது. தேர்தல் தேதி அறிவிப்பு வந்தது பிப்ரவரி 26-ல். ஆக, முருகன் தேர்தல் அரசியலுக்குள் வந்த ஒவ்வொரு தருணமும் சட்டத்தின் கண் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. யாரும் விதியை மீறவில்லை. மீற வேண்டிய தேவையே இல்லை.

இதெல்லாம் எடுபடுகிறதா என்றால், நேரான பதில் கிடையாது. 1971-ல் சேலம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படம் செருப்பால் அடிக்கப்பட்டதை வைத்து எதிர்க்கட்சிகள் பிரச்சாரம் செய்தன. அந்தத் தேர்தலில் திமுக 184 இடங்களை அள்ளியது. 2021-ல் தாராபுரத்தில் நின்ற முருகன் 1,393 ஓட்டில் தோற்றார். ஆனால் அதே தேர்தலில் அவருடைய கட்சி நான்கு இடம் பிடித்தது. அது வேலாலா, அதிமுக கூட்டணியாலா? பிரித்துச் சொல்வது கஷ்டம்.

உங்கள் கையில் அப்படி ஒரு சீட்டு வந்தால்?

தேர்தல் அறிவித்த பிறகு என்றால், ஆணையத்தின் சி-விஜில் செயலியைத் திறந்து அங்கேயே படம் எடுங்கள். கேலரியில் இருக்கும் பழைய படத்தை அது ஏற்காது. பேர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். 100 நிமிஷத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் வாக்குறுதி. கோயில், மசூதி, சர்ச் வளாகத்துக்குள்ளேயே கட்சி வேலை நடந்தால் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது: 1988-ல் வந்தது, ஐந்து வருஷம் வரை சிறை.

வெற்றியையே எதிர்த்து வழக்குப் போட தோற்ற வேட்பாளர்தான் வேண்டும் என்பதில்லை. அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். டெபாசிட் 2,000 ரூபாய். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் போட வேண்டும், 46-வது நாள் போனால் வாங்க மாட்டார்கள். சீட்டைக் கொடுத்தது யார், எந்தத் தேதி, எந்தத் தெரு, வேட்பாளருக்கு அது தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நீதிமன்றம் ஒவ்வொன்றாகக் கேட்கும். அதனால் சீட்டு கைக்கு வந்த அன்றே இதையெல்லாம் குறித்து வைப்பது நல்லது.